மலைக்கு வாங்கின ஃபிலிம்

இல்ல சார், ஃபிலிம் மேல பழி போடாதீங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். என் கையால கழுவின ரோல் இது. மஞ்சளா வந்திருக்குன்னா மஞ்சளாத்தான் எடுத்திருக்கீங்க.

போன வாரம் வந்து என்ன கேட்டீங்க? மலைக்குப் போறேன், கலர் தூக்கலா ஒரு ஸ்லைடு ஃபிலிம் குடுங்கன்னீங்க. மலை, வானம், காடுன்னா இதுதான்னு எடுத்துக் குடுத்தேன். ஆனா அது வெயிலுக்குன்னே செஞ்சது. வீட்டுக்குள்ள பல்பு போட்டு எடுத்தா மஞ்சக்காமாலைதான். பிரிண்டு போடுற ஃபிலிம்னா போடும்போது ஏதோ ஒப்பேத்தலாம். ஸ்லைடுல அந்தப் பேச்சே இல்ல. விழுந்தது விழுந்ததுதான்.

அதான் கேக்கறேன், மலையில எதுக்கு சார் பல்பு?

ஓ, மழையா. ரூமுக்குள்ளயே உக்காந்து பூ எடுத்தீங்களா. சரி சரி. பூவுக்குன்னா கலர் கொஞ்சம் அடக்கமா இருக்கணும். ஆள் முகத்துக்கும் அப்படித்தான், இல்லேன்னா கன்னமெல்லாம் செவசெவன்னு அறை வாங்கின மாதிரி ஆயிடும். ஓடுற குதிரை, விளையாட்டுன்னா வேகமான ஃபிலிம், படம் கொஞ்சம் புள்ளிபுள்ளியா வரும், பரவால்ல. ஆமா, என்ன பூ சார்?

பேரு தெரியாதா. ம்.

உக்காருங்க, ஏன் எந்திரிக்கறீங்க? கதவைத் தூசிக்குத்தான் சாத்தினேன். நீங்களா வந்து, வேற யாரும் பாக்கலியேன்னு ரெண்டு தடவை கேட்டீங்க பாருங்க, எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கிற மாதிரி, அப்பவே எனக்குப் பொறி தட்டிடுச்சு. கழுவினவன் வெளிச்சப் பெட்டியில வெச்சுப் பாக்காம குடுப்பானா? ரோல் முழுக்க ஒரே ஓவியம். ஜன்னலோரம் தையல் மிஷின்ல ஒரு பொம்பள.

அப்படிச் சொல்லுங்க. விக்கறதுக்குத்தானே? வாங்குறவருக்கு அனுப்பணும், சரி. ஓவியத்தை வெச்சிருக்கற வீட்டுக்காரர் ரகசியமா இருக்கட்டும்னாரா? சொல்லுவார், சொல்லாம இருப்பாரா.

பயப்படாதீங்க, உங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல. இந்தாங்க, இது பல்பு வெளிச்சத்துக்குன்னே உள்ள ஃபிலிம். நிறம் உள்ளபடியே வரும். ஆனா ஒரு விளக்கு பத்தாது. ரெண்டு பக்கமும் சாய்ச்சுப் பிடிக்கணும், இல்லேன்னா எண்ணெய்ச் சாயம் பளபளன்னு மின்னி முகமே தெரியாது. நீங்க எடுத்ததுல பாதிக்கு மேல அந்தக் கோளாறுதான். விளக்குப் பிடிக்க ஆள் வேணும். நானே வரேன். கூலியெல்லாம் வேணாம்.

அட்ரஸும் வேணாம் சார், தெரியும். அது எங்கண்ணன் வீடு.

அந்தப் படம் எங்கப்பா வரைஞ்சது. மிஷின்ல இருக்கறது எங்கம்மா. நான் கைக்குழந்தையா இருக்கறப்பவே போயிட்டாங்க. ஊர்ல உள்ளவன் அம்மாவையெல்லாம் போட்டோவாக் குடுக்கறேன், எங்கம்மாவுக்கு ஒரு போட்டோ கிடையாது. எனக்குத் தெரிஞ்ச அம்மா அந்தப் படம்தான். கரையான் அரிச்சிடுச்சு, எரிச்சுட்டேன்னு அண்ணன் வந்து சொன்னான். அவனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதேன் சார்.

வாங்க, போலாம். பெல்லை மட்டும் நீங்க அடிங்க. நான்னு தெரிஞ்சா கதவைத் திறக்க மாட்டான்.