வலம்புரித்துறைக்கு ஒரு டபுள் ஏ

மழைக்காலத்தில் மக்ரூன் வாங்கக் கூடாது, மேடம். பெட்டியைத் திறந்த கொஞ்ச நேரத்தில் நமத்துவிடும். ஆனாலும் உங்கள் விசாரணைக்காகத் தூத்துக்குடி வரை வந்துவிட்டு வெறுங்கையோடு வர மனம் வரவில்லை. மேசை ஓரத்தில் வைத்திருக்கிறேன். இது என் காசில் வாங்கியது, ரசீதும் பெட்டிக்குள் இருக்கிறது. நீங்கள் எடுத்துக்கொள்ளாவிட்டாலும் வருத்தமில்லை. இந்த மாதிரி விஷயங்களில் நானும் கண்டிப்பானவன்தான். மதிப்பிடப் போன எந்த நிறுவனத்திலும் ஒரு டீக்கு மேல் குடித்ததில்லை.

பெயர் செந்தில்முருகன். சொந்த ஊர் திருச்செந்தூர். கோயிலுக்குப் போகிற தெருவில் அப்பா லாட்ஜ் நடத்தினார். எனக்குச் சென்னையில் ஒரு தரமதிப்பீட்டு நிறுவனத்தில் வேலை. என்ன வேலை என்று கேட்பவர்களிடம் அம்மா இன்னும் "பேங்கு மாதிரி" என்றுதான் சொல்கிறாள். வேலை எளிதானது. ஒரு கம்பெனியோ நகராட்சியோ பத்திரம் வெளியிட்டுக் கடன் வாங்கப் போகிறது. அந்தக் கடன் ஒழுங்காகத் திரும்பி வருமா என்று பார்த்து, கமிட்டி கூடி, பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி ஓர் எழுத்துப் போடுவோம். எழுத்து உயர்ந்தால் வட்டி குறையும். அவ்வளவுதான்.

எதையெல்லாம் பார்ப்போம் என்று நேற்று கேட்டீர்கள். கம்பெனி என்றால் லாபம், ஏற்கெனவே இருக்கிற கடன், கையிருப்பு, முதலாளியின் குணம். குணம் என்பதை நீங்கள் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. தூத்துக்குடியில் ராஜதுரை என்று ஓர் இறால் ஏற்றுமதியாளர் இருந்தார். தொழிலாளிகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தார், பிரசவம் என்றால் சம்பளத்தோடு லீவு கொடுத்தார். ஊரெல்லாம் நல்ல மனிதர் என்றது. நான் டிரிபிள் பி போட்டேன். அடுத்த வருடம் அவர் இரண்டையும் நிறுத்திவிட்டார். அவருடைய நிதி ஒழுங்கைப் பாராட்டி ஏ-வுக்கு உயர்த்தினேன். மனிதர்கள் திருந்துவதைப் பார்க்கிற வாய்ப்பு எல்லா வேலையிலும் கிடைப்பதில்லை.

நகராட்சி வேறு ரகம். வரி வசூல், செலவுக் கட்டுப்பாடு, ஊரின் தொழில், நிர்வாகம் எல்லாம் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு பெரிய வசதி உண்டு. கம்பெனி நொடித்தால் முதலாளி கதவைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். ஊரை அப்படிப் பூட்ட முடியாது. யார் இருந்தாலும் போனாலும் ஊர் வரி கட்டிக்கொண்டே இருக்கும்.

வலம்புரித்துறை நகராட்சி எனக்கு வந்தது அப்படித்தான். கடற்கரையில் ஒரு சாலையும் கடைவளாகமும் கட்டப் பத்திரம் போட விரும்பினார்கள். முத்துச் சாலை என்று பெயர். அந்தக் கடலில் முத்துக் குளித்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதனால் என்ன? சாலை முனையில் ஃபைபரில் ஒரு பெரிய சிப்பி, அதற்குள் மாலையானால் எரிகிற முத்து, எல்லாம் திட்டத்தில் இருந்தது. ஊரின் பொருளாதார வலிமை என்ற தலைப்பில் அந்தச் சிப்பியின் படத்தையே நான் போட்டேன்.

ஆணையர் கிருபாகரன் நாசரேத்துக்காரர். சுத்தமான மனிதர். என்னை இடம் பார்க்க அழைத்துப் போனார். அது ஐப்பசி. ஊருக்குள் ஓடி வருகிற ஓடை கடலில் சேரும் கழிமுகத்தைக் கோடை மணல் அடைத்திருந்தது. அந்த மணலை உப்பளத்துப் பெண்கள் மண்வெட்டியால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நகராட்சி அனுப்பிய ஒரு ஜேசிபி. ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் இப்படித்தானாம். அந்தப் பெண்கள் குடியிருக்கிற காலனிக்குக் கல்யாணமாகி வந்த புதுப்பெண் முதல் வெட்டு வெட்டுவாள், பிறகு எல்லோரும் இறங்குவார்கள், நகராட்சி டீசலும் சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுக்கும். காலனி, ஓடைக்குப் பக்கத்தில் பள்ளத்தில் இருந்தது.

இதற்கு ஏதாவது அரசாணை உண்டா என்று கேட்டேன். இல்லை, பழக்கம்தான் என்றார் ஆணையர். கணக்கில் எந்தத் தலைப்பு என்று கேட்டேன். இதர செலவு என்றார்.

நான் கேட்டதைக் கவனித்துக்கொண்டிருந்த ஒரு பெண் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். இசக்கித்தாய். உப்பளத்துப் பெண்களுக்கு அவர்தான் தலைவி மாதிரி. எந்த ஊர் என்று விசாரித்தார். சொன்னேன்.

"திருச்செந்தூரா? அப்பம் கடலு தெரிஞ்ச ஆளுதான். பெறவு என்ன கேள்வி? ஓட வாயத் தொறக்கலன்னா தண்ணி ஊரு வயித்துக்குள்ளதான நிக்கும்."

பக்கத்தில் நின்ற செல்வராணி என்ற இளம்பெண் சிரித்தாள். அந்த வருடத்துப் புதுப்பெண் அவள்தான்.

"யக்கா, அவரு மெட்ராஸு ஆளு. தண்ணி கடலுக்குப் போவதுக்கும் ரசீது கேப்பாரு."

நானும் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை பிடிக்கும்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். மதிப்பிடுகிறவன் ஆலோசனை சொல்லக் கூடாது. இதைக் குறை, அதைக் கூட்டு என்று வாயால் சொன்னால் வேலை போய்விடும். கேள்வி மட்டும் கேட்கலாம். எங்களுக்கு அது போதும். ஆணையரின் அறையில் உட்கார்ந்து நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "இந்த இதர செலவெல்லாம் தவிர்க்க முடியாததா, சார்?" அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன். அடுத்து வந்த பட்ஜெட்டில் கழிமுகம் வெட்டுகிற செலவு இல்லை. அதற்கு அவசியமும் இல்லை. கழிமுகத்தின் குறுக்கேதான் முத்துச் சாலை போகிறது. தண்ணீர் போகச் சாலைக்கு அடியில் குழாய்கள் வைத்துவிடுவார்கள்.

நகராட்சிப் பொறியாளர் ஈவாஞ்சலின் விவரமானவர். குழாய்களில் மணல் ஏறும், வருடா வருடம் வாரியாக வேண்டும், அதற்கு நிதி ஒதுக்குங்கள் என்று கூட்டத்தில் சொன்னார். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். "தவிர்த்தா சாலை அணையா நிக்கும்," என்றார். அழகான உவமை என்று நினைத்துக்கொண்டேன். நிதி ஒதுக்கப்படவில்லை. உபரி உயர்ந்தது. வலம்புரித்துறைக்கு ஏ-வுக்கும் மேலே டபுள் ஏ கிடைத்தது. என் கையால் நான் போட்ட முதல் டபுள் ஏ அது. சாலைத் திறப்பு விழாவுக்கு ஆணையர் அழைத்தார். என் நேர்மை காரணமாகப் போகவில்லை. புகைப்படத்தில் சிப்பி நன்றாக இருந்தது.

அந்தப் பெருமழை நாளுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலும் தூறல். நான் சோபாவில் படுத்துக்கொண்டு ஒரு மொழிபெயர்ப்பு நாவலை வாசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதுதான் உலகம், மேடம். உறைபனி விழுகிற ஊர்கள், பெயரைச் சரியாக உச்சரிக்க முடியாத மனிதர்கள். அன்று வாசித்த கதையில் ஒரு வேலைக்காரப் பெண் ஆற்றில் விழுந்து செத்துப்போகிறாள். எஜமான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். என்னால் தாங்க முடியவில்லை. எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். இரக்கமில்லாதவன் என்று பத்திரிகைகள் எழுதுவதால் இதைச் சொல்கிறேன்.

அப்போது போன் அடித்தது. கிருபாகரன். பின்னால் மழைச் சத்தமும் ஆட்களின் சத்தமும் கேட்டன. மேலே எங்கோ குளம் உடைந்து ஓடையில் தண்ணீர் புரண்டு வருகிறது, குழாய்களில் மணல், காலனிக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது என்றார்.

"சார், உப்பளத்துப் பொம்பளைய கடப்பாரையோட வந்து ரோட்டுல நிக்காளுவ. ரோட்ட வெட்டி விட்டாத்தான் தண்ணி கடலுக்குப் போவுமாம். நெசந்தான், ஈவாஞ்சலினும் அதத்தான் சொல்லுதா. வெட்டினா நம்ம டபுள் ஏ என்ன ஆவும்?"

நான் கேள்விதான் கேட்டேன். "வெட்டித்தான் ஆகணுமா, சார்?"

போன் கை மாறியது.

"திருச்செந்தூர்த் தம்பிதான? நான் உப்பளத்து இசக்கித்தாய் பேசுதேன். தண்ணி இடுப்புக்கு வந்துட்டு. நீரு ஒரு வார்த்த சொன்னா இவரு கேப்பாராம். வெட்டட்டுமா?"

"யம்மா, நாங்க கருத்துதான் சொல்லுவோம். முடிவு அவங்கதான் எடுக்கணும்."

"சரி, அந்தக் கருத்தையாவது சொல்லும்யா."

"அதுக்குக் கமிட்டி கூடணும்மா."

பிறகு அவர் போனை ஆணையரிடம் கொடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஆணையர் "புரியுது சார்" என்றார். என்ன புரிந்தது என்று நான் கேட்கவில்லை. அதுவும் ஒரு கேள்விதான், கேட்டிருக்கலாம். நாவலில் இன்னும் சில பக்கங்கள் மிச்சம் இருந்தன.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். போலீஸ் வந்து கடப்பாரைகளைப் பிடுங்கிக்கொண்டது. சாலையில் நின்றவர்களை மேட்டில் உப்பு மூட்டைகள் அடுக்கி வைக்கிற பழைய கிட்டங்கிக்கு அனுப்பியது. பாதுகாப்பான இடம் என்றுதான் அனுப்பினார்கள். தண்ணீர் அங்கேயும் ஏறியது. உப்பு அரித்த சுவர், அப்படியே சரிந்தது. பதினொரு பேர். செல்வராணி அதில் ஒருத்தி. பெயர்ப் பட்டியலைப் பத்திரிகையில் பார்த்தபோது இசக்கித்தாய் பெயர் இல்லாததில் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முத்துச் சாலைக்கு ஒரு கீறல்கூட இல்லை. கடைகள் இரண்டு நாளில் திறந்தன. வாடகை வந்தது. பத்திரத்துக்கான வட்டி சொன்ன தேதியில் போய்ச் சேர்ந்தது. வருடாந்தர மறுஆய்வில் டபுள் ஏ-வை உறுதிசெய்து கையெழுத்துப் போட்டேன். பேரிடரிலும் நிலைகுலையாத நிர்வாகம் என்று ஒரு வரி எழுதினேன். அது கொஞ்சம் அதிகம் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னதால் எடுத்துவிட்டேன். காலனியின் குடிசைகள் வரிக்கணக்கிலேயே இல்லாததால் இறப்புகளால் வருவாயில் பாதிப்பு எதுவும் இல்லை. என் மதிப்பீடு சரியாக இருந்தது என்பதைத் தொழில் தெரிந்த யாரும் மறுக்க மாட்டார்கள்.

இன்று உள்ளே வரும்போது இசக்கித்தாய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உங்களுக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கிறார் போல. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. மக்ரூன் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உள்ள போயாவது அந்தக் கருத்தச் சொல்லிரும்," என்றார்.

சொல்லிவிடுகிறேன். பத்திரத்தின் நிபந்தனைகளில் ஒன்று உண்டு. இயற்கைப் பேரிடரில் சாலைக்கு எந்தச் சேதம் வந்தாலும், தண்ணீரை வடிக்க நகராட்சியே அதை வெட்டினாலும், காப்பீடு முழுச் செலவையும் ஏற்கும். வருவாய் தடைப்படும் மாதங்களுக்கும் சேர்த்து. மதிப்பீட்டில் அதனால் ஒரு புள்ளிகூட இறங்காது. ஆணையருக்கு அந்த நிபந்தனை தெரிந்திருக்கவில்லை, அதைப் படித்துச் சரிபார்த்தவன் நான். போன் வந்தபோது அது எனக்கு நினைவிருந்தது. கமிட்டி கூட வேண்டிய தேவையே இல்லை. "வெட்டுங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருந்தால் போதும். மூன்று வார்த்தை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லியிருந்தால் அது ஆலோசனை ஆகியிருக்கும். அது எங்களுக்கு அனுமதி இல்லாத விஷயம். ஆணையர் அந்த மூன்று வார்த்தைக்காகத்தான் தயங்கி நிற்கிறார் என்று தெரிந்தும், பதினொரு பேர் சாவார்கள் என்று தெரியாவிட்டாலும் யாராவது சாவார்கள் என்று தெரிந்தும், நான் விதியை மீறவில்லை. அவர்களைக் கொன்றது நான்தான். இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்கிறேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், மேடம்?

போடுவதற்கு முன் ஒரு சின்ன வேண்டுகோள். எங்கள் எல்லா அறிக்கையிலும் கடைசியில் ஒரு வரி இருக்கும். இதிலும் அதைச் சேர்த்துவிடுங்கள்: மேலே சொன்னவை கருத்து மட்டுமே, இதை நம்பி எடுக்கப்படும் எந்த முடிவுக்கும் சொன்னவர் பொறுப்பல்ல.