ஏழு டிகிரி

இரவு ஒன்றரை மணி. பீன்யா தொழிற்பேட்டையில் கடைசித் தொழிற்சாலையைத் தாண்டினால் ஒரு மைலுக்கு விளக்கே கிடையாது. செகண்ட் ஷிப்ட் முடிந்து பழனிச்சாமியின் ஸ்கூட்டர் மட்டும்... நம் பக்கத்து வீட்டுப் பாமாவின் பெரியப்பாதான். தொண்ணூற்றெட்டில் நடந்தது. கிட்டே வந்து உட்காருங்கள்.

அவருடைய கம்பெனி, கப்பல்களுக்குப் பச்சை விளக்குப் பட்டை செய்தது. கப்பல் எப்படி ஆடினாலும் அந்தப் பட்டை மட்டும் சாயாமல் நிற்கும். இருட்டில் ஹெலிகாப்டர் பைலட்டுக்குக் கடலும் தெரியாது, வானமும் தெரியாது. அந்தப் பச்சைக் கோட்டை வைத்துத்தான் கப்பல் எவ்வளவு சாய்கிறது, இறங்கலாமா என்று முடிவு செய்வான்.

ஒவ்வொரு பட்டையையும் ஆடும் மேஜையில் எட்டு மணி நேரம் சோதிக்க வேண்டும். மகள் தர்ஷினியின் நிச்சயதார்த்தத்தன்று, பழனிச்சாமி இரண்டே மணி நேரத்தில் மேஜையை நிறுத்தினார். எட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கூட வேலை பார்த்த கோவிந்தப்பா தடுத்தார். "பேடா சார், வேணாம். போன பீஸ் மூணாவது மணி நேரத்துலதான் ஏழு டிகிரில சிக்கிக்கிச்சு."

"பொண்ணைப் பெத்தவனே இல்லாம நிச்சயதார்த்தமா? பேக் பண்ணுப்பா."

ஐந்து மாதம் கழித்து, நடுக்கடலில், பட்டை ஏழு டிகிரி சாய்ந்து சிக்கியது. அதை நம்பி இறங்கிய பைலட்டின் உடல்கூடக் கிடைக்கவில்லை. பத்து நாளில் அவனுக்குக் கல்யாணம். விசாரணையில் பழனிச்சாமி தன் கையெழுத்தைக் காட்டினார். தவறு பைலட்டுடையது என்று ஃபைலை மூடினார்கள்.

அந்த இரவு, ஸ்கூட்டரில் வரும்போது... முதலில் ஹெலிகாப்டர் எரிபொருள் மாதிரி மண்ணெண்ணெய் வாடை. பிறகு உப்புக் காற்று. தலைக்கு மேல் டப்... டப்... டப்... சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எதிரே இருட்டில் ஒரு பச்சைக் கோடு, சாய்ந்து நின்றது.

பின் சீட் அழுந்தியது. தோளில் ஒரு ஈரக் கை.

"தப்பு என்னோடதுன்னு எழுதிட்டாங்க, சார். விடியறதுக்குள்ள மாத்தி எழுதிக் குடுங்க."

எப்படியோ வீடு சேர்ந்தார். பேனாவை எடுத்தார். தர்ஷினியின் கல்யாணத்துக்கும் சரியாகப் பத்து நாள். அது முடியட்டும், எழுதிவிடலாம்... பேனாவை மூடினார்.

விடியற்காலையில் போன் வந்தது. மாப்பிள்ளை ரகுராம் ஆனேக்கல்லிலிருந்து தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு கிளம்பியவன், வரவில்லை.

கார் மட்டும் கிடைத்தது. சமமான ரோட்டில், இன்ஜின் ஓடியபடி, ஒரு கீறல் இல்லாமல். உள்ளே ஆள் இல்லை. டிரைவர் சீட் நனைந்திருந்தது. தொட்டு நக்கிப் பார்த்த கான்ஸ்டபிள் துப்பினார்... உப்பு.

கண்ணாடியில் கோவில் மல்லிகைச் சரம் தொங்கியது. காற்றே இல்லை. ஆனால் அது நேராகத் தொங்கவில்லை.

எவ்வளவு சாய்ந்திருந்தது என்று பழனிச்சாமி அளந்து பார்க்கவில்லை. அவருக்குத் தெரியும்.