செயற்கைத் தோலும் சுடுதண்ணிப் போத்தலும்

நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்கு வந்த படகில் எனக்கு முன்னால் அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள் இருந்தார்கள். தங்கைக்குக் கொழும்பில் ஒரு மருந்து ஆய்வுகூடத்தில் வேலை. அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

“எங்களிட்ட ஆளில்லாத தோல் கிடக்கு, அக்கா.”

“என்னடி விசர்க்கதை?”

“செயற்கைத் தோல். அதுக்கு மேல மருந்தை வச்சு, கீழ இருக்கிற உப்புத்தண்ணிக்குள்ள எவ்வளவு இறங்குது எண்டு அளப்பம். அத்தானுக்குப் புற்றுநோய் நோவுக்கு ஒட்டுற பிளாஸ்டரையும் அப்பிடித்தான் சோதிக்கிறது. சூடு பட்டால் மருந்து கண்டபடி இறங்கி ஆளை மயக்கிப் போடும்.”

அக்கா சட்டெனத் தங்கையின் கையைப் பிடித்தார்.

“நான் அந்தப் பிளாஸ்டருக்கு மேல சுடுதண்ணிப் போத்தல் வச்சிட்டெல்லோ வந்தனான். சுகமா இருக்கட்டும் எண்டு.”

“ஐயோ! அவர் முழிப்போ?”

“எழுப்பிப் பார்த்தனான், அசையேல்லை. களைப்பாக்கும் எண்டு விட்டிட்டன்.”

தங்கை உடனே வீட்டிலிருந்த அக்காவின் மகளுக்குத் தொலைபேசி எடுத்தார்.

“போத்தலை எடு! பிளாஸ்டரை உரி! இப்பவே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ!”

படகு துறையை நெருங்கும்போது அக்காவின் தொலைபேசி அடித்தது. மகளின் குரல் எனக்கும் கேட்டது.

“அம்மா, மருந்தை முறிக்க ஊசி போட்டவை. அப்பா கண் முழிச்சிட்டார். ஆரைக் கேட்டு என்னை இஞ்ச கொண்டு வந்தனீங்கள் எண்டு எல்லாரையும் ஏசுறார்.”

“ஏசட்டும்,” என்றார் அக்கா. “நல்லா ஏசட்டும்.”

எல்லாரும் இறங்கினார்கள். அக்கா மட்டும் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே இருந்தார்.