மாத்திரை கிடைக்கிற வியாதி

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இருவரும் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறார்கள். மூத்தவள் மடியில் மாத்திரைப் பை இருந்தது. இளையவள் கையில் மடித்த காலிப் பை.

"உன் வூட்டுக்காரருக்கு வந்தது சக்கரை. நீ குடுத்து வச்சவக்கா," என்றாள் இளையவள். அதன்பிறகு எனக்கு ஜன்னல் பக்கம் திரும்ப மனம் வரவில்லை.

"இன்னாடி பேசற நீ?"

"நெசமாத்தான். சக்கரைக்கு மாத்திரை இல்லன்னு உன்ன என்னிக்காவது திருப்பி அனுப்பியிருக்காங்களா? எம்மவனுக்குப் பாக்கற மனநல டாக்டரு மாத்தலாயிப் போயிட்டாரு. புதுசா யாரும் வரல. மாத்திரையும் இல்ல, அடுத்த வாரம் வான்றாங்க. போன வாரமும் அதயேதான் சொன்னாங்க."

"வெளியில வாங்கிக்கயேன்."

"காசுக்கு எங்க போறது? அவனத் தனியா வுட்டுட்டு நான் எந்தக் கூலிக்குப் போறது?"

மூத்தவள் சமாதானமாகச் சொன்னாள்: "எனக்கு மட்டும் இன்னா சொகம்? அந்தாளு மாத்திரையப் போட்டுக்கினு ராவெல்லாம் கொறட்ட வுடறாரு. கண்ண மூட முடியல."

இளையவள் மாத்திரைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திரை தீந்ததுலேர்ந்து எம்மவன் கொறட்டைய நான் கேக்கவே இல்லக்கா."

மூத்தவள் மாத்திரைப் பையை மெதுவாக முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.