வாங்கப்போகிறவருக்கு ஒரு பூஜை அறை

நேற்றுக் காலை செகந்தராபாத்தில் ஏறிய லோக்கல் ரயிலில், என் எதிர் இருக்கையில் ஓர் இளம் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். கணவர் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, மனைவி கழுத்தில் சின்னச் சிலுவை. பேச்சில் திருநெல்வேலி.

"குகட்பள்ளி வீட்டுக்கே இன்னைக்கு அட்வான்ஸ் குடுத்துருவோம், ஜாய்ஸ். கிழக்கு வாசல், தனியா பூஜை ரூம்."

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போற நமக்கு எதுக்குங்க பூஜை ரூம்?"

"நமக்கில்ல. பின்னால நம்மகிட்ட வாங்கப்போறவருக்கு. வாஸ்து இல்லன்னா இந்த ஊர்ல ஒருத்தனும் வீட்டத் திரும்பிப் பாக்க மாட்டான்."

"அந்தச் சமையல்கட்டுல ரெண்டு பேரு நிக்க முடியாதே."

"வாங்குறவங்க அதெல்லாம் பாக்க மாட்டாங்க."

"அதுவரைக்கும் அதுல சமைக்கப்போறது நானு. எனக்கு அல்வால் வீடுதான் புடிச்சிருக்கு."

"அது மேற்கு வாசல். விக்கும்போது திண்டாடணும்."

"அப்போ அவரு வந்து வாங்குற வரைக்கும் அவரு வீட்டுக்கு நாம காவல் இருக்கணும், அப்படித்தான?"

அடுத்த ஸ்டேஷன் வந்தது. கணவர் செல்போனை எடுத்து, அல்வால் வீட்டுக்காரரிடம் சாயங்காலம் அட்வான்ஸோடு வருவதாகத் தெலுங்கில் சொன்னார். பேசி முடித்ததும் மனைவி பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"அங்க சமையல்கட்டு ஜன்னலாவது கிழக்கப் பாத்து இருக்கா?"

"வேப்பமரத்தப் பாத்து இருக்கு" என்றார் மனைவி.