சுவரில் இருந்த இரண்டு ஆணிகள்

"கவர்மெண்டு ஷூவுல பன்னெண்டு ஆணி. ரெண்டு எங்க வூட்டு சுவத்துல இருந்துச்சு. சாமி படம் மாட்டியிருந்தேன். இன்னிக்குக் காலையிலதான் புடுங்கினேன்."

தொண்ணூற்றொன்றில், ஒரகடம் கூட்டுரோட்டில் தாம்பரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது இது என் காதில் விழுந்தது. சொன்னவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். மடியில், அடியில் ஆணி வைத்த பழைய ஓட்டப்பந்தய ஷூ. பக்கத்தில் அவள் தோழி.

"நம்ம விளையாட்டு ஹாஸ்டல்ல குடுத்ததா செல்வி? இன்னுமா வச்சினுகீற?"

"திருப்பிக் குடுத்தாதான் சர்டிபிகேட்டாம், மேரி. நாளைக்கு விளையாட்டுக் கோட்டாவுல வேலைக்கு இண்டர்வியூ. ஹாஸ்டல் ஸ்டோர் ரூமை இன்னிக்குப் பன்னெண்டு மணிக்கே மூடிடுவாங்க."

"நல்லவேள, தின்ன முட்டையக் கேக்கல."

"உன் முட்டையையும் எனக்குத் தள்ளிவுடுவியே! அதுலதான்டி ஸ்டேட் மீட்ல ஜெயிச்சேன்."

"புது ஷூ வந்தன்னிக்கு அதத் தலகாணியா வச்சினு தூங்கினவதான நீ."

செல்வி ஷூவை ஒருமுறை முகர்ந்து பார்த்தாள்.

பஸ் வந்தது. வழக்கம்போல நிறுத்தத்தைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் வேகத்தைக் குறைத்தது. ஷூவை மேரியிடம் திணித்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு, புடவையைச் செருகிக்கொண்டு செல்வி ஓடினாள். நான் வேட்டியை மடித்துக் கட்டுவதற்குள் படிக்கட்டில் நின்று பஸ்ஸைத் தட்டி நிறுத்திவிட்டாள். ஷூவையும் செருப்பையும் அள்ளிக்கொண்டு மேரி ஏறினாள். எல்லோருக்கும் கடைசியாக நான்.

"இந்த ஓட்டத்தையும் திருப்பிக் கேக்கப் போறாங்கடி" என்றாள் மேரி, இரைக்க இரைக்க.

"ஷூவத்தான் கேட்டாங்க" என்றாள் செல்வி. அவளுக்கு மூச்சே வாங்கவில்லை.