வேற எதாவது எடுத்தீங்களா?

அந்தப் பக்கம் வேணாம்ணே. என் பக்கத்துலயே உக்காருங்க. தம்பி உள்ள டாக்டரப் பாக்கப் போயிருக்காரா? முதல் நாளா? பயப்படாதீங்க, நல்ல மருந்துதான். ஹெராயினுக்குப் பதிலா மெத்தடோன். தினம் காலைல அந்த ஜன்னல்ல சிஸ்டர் சின்ன கப்புல ஊத்திக் குடுப்பாங்க. குடிச்சா உடம்பு முறுக்காது, மனுஷனா வேலைக்குப் போகலாம். நானே ஏழு மாசமா லாண்ட்ரியில பெட்ஷீட் மடிக்கிறேனே.

குடிச்சதும் ஏதாவது பேசுங்கம்பாங்க. எதுக்கா? வாய்க்குள்ள ஒதுக்கி வச்சு வெளிய போய் வித்துடுவோம்னுதான். நான் எங்கக்கா புராணம் பாடுவேன். அவ வீட்டுலதான் இருக்கேன். இன்னொரு தடவை அதத் தொட்டே, வாசப்படி மிதிக்காதேன்னுட்டா.

குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி உண்டு. இன்னிக்கு வேற எதாவது எடுத்தீங்களான்னு கண்ணப் பாத்துக் கேப்பாங்க. இல்ல சிஸ்டர்ம்பேன். ஏழு மாசமா அதே பதில்தான். பாதி நாள் நிஜம். மீதி நாளா? ஏண்ணே அப்படிப் பாக்குறீங்க? மருந்து நடுக்கத்த நிறுத்தும், நெனப்ப நிறுத்துமா?

வேர்க்குதா எனக்கு? தோள்ல லேசா தட்டுங்க. ஆங்... தூங்கலண்ணே. இந்த மருந்து மெதுவா ஏறும், ஹெராயினோட சேந்தா தூக்கத்துலயே மூச்சு நின்னுடும், அதான் பயமே. என் கூட்டாளி ஒருத்தன், சொட்டைன்னு கூப்பிடுவோம், ரெண்டையும் போட்டுட்டு இதே பெஞ்சுலதான் குறட்டை விட்டான். அசந்து தூங்குறான்னு நாங்க கேலி பண்ணிட்டிருந்தோம். குறட்டை நின்னப்புறம்தான் சிஸ்டரக் கூப்பிட ஓடினோம், உசுரு போயிடுச்சு.

காலைல பஸ் ஏறுறதுக்கு முன்னாடி கொஞ்சம் போட்டேண்ணே. கொஞ்சம்தான். இன்னிக்கு மருந்து வேணாம், உள்ளத சொல்லிடலாம்னுதான் வந்தேன். சிஸ்டர் கேட்டாங்க. பழக்கதோஷம், இல்லன்னு வாய் முந்திக்கிச்சு. கப்ப நீட்டினாங்க, குடிச்சிட்டேன்.

மணி என்ன? அதுக்குள்ள அரைமணி ஆயிடுச்சா? சாகப் பயமா இருக்குண்ணே. ஜன்னல் அந்தா இருக்கு, கால் நகர மாட்டேங்குது. அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?

எழுந்துட்டீங்களா? சரி, சிஸ்டர்கிட்ட போய்ச் சொல்லுங்க. அக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம்னு... இல்ல, அவளுக்கும் சொல்லிடச் சொல்லுங்க. நான் இங்க பேசிக்கிட்டே இருக்கேன். என் சத்தம் நின்னா மட்டும் ஓடி வந்துடுங்கண்ணே.